இரண்டு தாடி, ஒரு தீப்பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒரு சின்னக் குழப்பம்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் கறுப்பு டி-ஷர்ட்டில் இரண்டு பேர் படம். இரண்டு பேருக்கும் நெஞ்சு வரை தாடி, கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி. டீ மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"யாருப்பா இந்தச் சாமியாருங்க?"

பையன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். "தெர்லண்ணா. எம்.சி. ரோட்ல வாங்கினது. நூத்தம்பது ரூபா."

"அண்ணன் தம்பியா?"

"அதுவும் தெர்லண்ணா. தொவச்சா சாயம் போவல. அவ்ளோதான் தெரியும்."

இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பவன் புத்திசாலி. நான் பத்தி எழுதுகிறவன். வாயைத் திறந்தேன்.

"அது ஸீஸீ டாப். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து பேண்ட். ப்ளூஸ் ராக் வாசிப்பாங்க. அண்ணன் தம்பி இல்லை. மொத்தம் மூணு பேர்."

"மூணாவது ஆளு எங்கே?" என்றார் மாஸ்டர்.

"அவருக்குத் தாடி கிடையாது. அதனால டி-ஷர்ட்டுல போடலை."

"அவர் பேரு?"

"ஃப்ராங்க் பியர்ட்."

"ஸரி."

"பியர்ட்னா தாடி."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். தாடி வைத்த இருவருக்கும் பெயரில் தாடி இல்லை, பெயரிலேயே தாடி உள்ளவருக்கு முகத்தில் இல்லை. "நம்ம தெருவுல மொட்டைன்னு ஒர்த்தன் இருந்தான், அவனுக்குத்தான் தலை நெறைய முடி. அது மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான்.

இந்த விஷயமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பையன் கேட்டான். ஒரு டீயில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதில் நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது. டீக்கடையில் பாதியைத்தான் சொன்னேன். மீதி உங்களுக்கு.

* * *

முதலில் தாடிக்காரர்கள்.

1969-ல் ஹூஸ்டன் நகரத்தில் பில்லி கிப்பன்ஸ் என்ற கிதார்க்காரர் ஆரம்பித்த குழு இது. சின்னப் பையனாக இருந்தபோதே அவருடைய பழைய குழு ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு முன்னால் மேடையேறியிருக்கிறது. டல்லாஸ் பக்கத்தில் இன்னொரு குழுவில் இருந்த டஸ்டி ஹில்லும் (பேஸ் கிதார்) ஃப்ராங்க் பியர்டும் (டிரம்ஸ்) அவரோடு சேர்ந்தார்கள். 1970 பிப்ரவரியில் போமான்ட் என்ற ஊரில் மூவரும் முதல் கச்சேரி வாசித்தார்கள்.

ஆரம்ப கால நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி கிப்பன்ஸ் பேட்டிகளில் ஒரு கதை சொல்வார். ஆல்வின் என்ற சின்ன ஊர். திரை விலகுகிறது. ஹாலில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் திரும்பிப் போகப் பார்த்தாராம். இவர்கள் விடவில்லை. அவர் ஒருவருக்காக முழுக் கச்சேரியும் வாசித்தார்கள். இடைவேளையில் அவருக்கு ஒரு கோக் வேறு வாங்கிக் கொடுத்தார்களாம். ஒரே ஒரு ஆள் முன்னால் நம்மில் எத்தனை பேர் முழு வேலை பார்ப்போம்? மேனேஜர் லீவு என்றால் நாலு மணிக்கே லஞ்ச் பையைக் கையில் எடுத்துவிடுகிற ஜாதி நாம்.

1973-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயர் 'ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்'. ஸ்பானிஷ் மொழியில் 'மூன்று ஆம்பிளைகள்'. அதில் இருக்கும் 'லா கிராஞ்ச்' என்ற பாட்டு அவர்களைத் தூக்கி நிறுத்தியது. 1976-ல் ஊர் ஊராகப் போன கச்சேரியில் டெக்சாஸ் வடிவத்திலேயே மேடை போட்டு, எருமை, நீளக் கொம்பு மாடு, கழுகு, பாம்பு என்று உயிரோடு மேடைக்குக் கொண்டு வந்தார்கள். (நம் ஊரில் செய்தால் நாலு இலாகாவில் அனுமதி வாங்க வேண்டும். மாடு மட்டும் தானாக வந்துவிடும்.)

அலைந்து களைத்துப்போய், 1977 வாக்கில் நீண்ட லீவு போட்டார்கள். இரண்டு வருஷம் ஆளுக்கு ஒரு திசை. திரும்பி வந்து பார்த்தால், பில்லிக்கும் டஸ்டிக்கும் நெஞ்சு வரை தாடி. ஒருவர் வளர்ப்பது இன்னொருவருக்குத் தெரியாது! 80-களில் அந்தத் தாடியை எடுக்க ஒரு பிளேடு கம்பெனி ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது, இவர்கள் மாட்டேன் என்றார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது.

எனக்குப் பிடித்தது தாடி விஷயம் இல்லை. அந்த லீவில் டஸ்டி ஹில் என்ன செய்தார் என்பதுதான். டல்லாஸ் விமான நிலையத்தில் போய் ஒரு சாதாரண வேலையில் சேர்ந்துகொண்டார். தன்னை ஸ்டார் என்று தானே நினைத்துக்கொண்டுவிடக் கூடாது, மறுபடி மனுஷனாக வேண்டும் என்பதற்காகச் சேர்ந்ததாகப் பின்னால் சொன்னார். நாம் லீவு போட்டு வேலையிலிருந்து தப்பிக்கிறோம். அவர் லீவு போட்டு வேலைக்குப் போனார்.

1983-ல் 'எலிமினேட்டர்' ஆல்பம். டிரம் மெஷின், சின்தசைஸர் எல்லாம் புகுந்தன. டி.வி.யில் சிவப்பு நிற 1933 மாடல் ஃபோர்டு கார் ஓடியது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்களில் சிலர் 'போச்சு, மெஷினுக்கு விலை போயிட்டாங்க' என்று முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் மெஷினைத் தள்ளிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், உள்ளே அதே மூன்று ஆசாமிகள்தான். 2004-ல் ராக் இசையின் கௌரவ மண்டபத்தில் இடம் கொடுத்தபோது, அவர்களை வரவேற்று உள்ளே அழைத்தவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் அதே மூன்று பேர். கல்யாணத்திலேயே அபூர்வம்.

* * *

சத்தம் எப்படி இருக்கும்? இதைத்தான் டீ மாஸ்டர் கேட்டார். டீக்கடையில் வாயால் வாசித்துக் காட்டினேன். எழுத்தில் வேறு வழி.

'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஒரு தட்டுக்கு மூன்று எழுத்து. இப்போது நடுவில் இருக்கும் 'கி'யை மட்டும் டி.டி.எஸ். மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். 'த..ட த..ட த..ட'. நொண்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி ஒரு நடை வரும். இதைத்தான் அவர்கள் ஷஃபில் என்கிறார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி வேகம் எடுக்கிறபோது சக்கரத்தில் கேட்கும். ஸீஸீ டாப்பின் பாதிப் பாட்டு இந்த நொண்டி நடையில்தான் ஓடுகிறது.

மூன்றே பேர் என்பதால் இடைவெளி அதிகம். கிதார் வாய் மூடினால் அங்கே நிஜமாகவே ஒன்றும் இருக்காது. அந்தக் காலியிடத்தை நிரப்ப அவசரப்படாததுதான் அவர்கள் வித்தை. கிப்பன்ஸின் கிதாரில் கம்பிகள் நூல் மாதிரி மெல்லிசு. 'எதுக்கய்யா இவ்வளவு கஷ்டப்படறே?' என்கிற அர்த்தத்தில் பி.பி. கிங் ஒருமுறை கேட்டதிலிருந்து மெல்லிய கம்பிக்கு மாறினாராம். கம்பியை மீட்டப் பல பேர் பிளாஸ்டிக் துண்டு வைத்திருப்பார்கள். இவர் கையில் மெக்ஸிகோ நாட்டு பெஸோ நாணயம். காசு உலோகக் கம்பியில் உரசுகிறபோது ஒரு கீறல் சத்தம் வரும். அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்.

'லா கிராஞ்ச்' பாட்டை முதல் முறை கேட்டபோது எனக்கு வயது இருபத்து மூன்று. பி.காம். முடித்துவிட்டு நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். மேலதிகாரி ஸாருக்கு ராக் பைத்தியம். வவுச்சர் சரி பார்க்கும்போதுகூடக் காதில் ஹெட்ஃபோன். ஒருநாள் "கேளுய்யா, உனக்குக் காது இருக்கா பார்ப்போம்" என்று பென் டிரைவைக் கொடுத்தார்.

ராத்திரி வீட்டு மொட்டை மாடியில் கேட்டேன். அடங்கிய குரலில் கிதார். அதற்குப் பின்னால் டிரம்ஸின் விளிம்பில் குச்சியால் தட்டுகிற மாதிரி 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் சித்தப்பாவின் தீப்பெட்டி!

* * *

சித்தப்பா துறைமுகத்தில் லோடுமேன். பகலில் மூட்டை. ராத்திரியில் கானா.

விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டியால் வந்ததுதான். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. ஸ்வீடன்காரர்கள் ஆரம்பித்த கம்பெனி இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்தது. அதன் சுருக்கம்தான் விம்கோ. சித்தப்பாவுக்கு அந்தக் கம்பெனியோடு சம்பந்தம் இல்லை. ஆனால் அவருடைய முதல் வாத்தியம் தீப்பெட்டி. பாதிக் குச்சி உள்ள பெட்டியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தட்டுவார். குச்சிகள் குலுங்குகிற சத்தம், மரப்பட்டையின் சத்தம், நகத்தின் சத்தம் என்று ஒரே பெட்டியில் மூன்று சத்தம் வரும். பக்கத்தில் ஒருத்தர் சட்டி அடிப்பார். இன்னொருத்தர் அலுமினியக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஒரு ரூபாய்க் காசால் தட்டுவார். (பெஸோ ஞாபகம் இருக்கிறதா?) மொத்தம் மூன்றே பேர். முப்பது வருஷமாக அதே மூன்று பேர்.

கானா என்றால் இப்போது சினிமாப் பாட்டு என்று நினைக்கிறோம். தேவா இசையில் கேட்டு ஊரே ஆடியது. 2006-ல் கானா உலகநாதன் வாள மீனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அதற்கெல்லாம் முன்னால் கானா சாவு வீட்டில் இருந்தது. ராத்திரி முழுக்கப் பிணம் வைத்திருக்கும் வீட்டில், தூங்காமல் இருப்பதற்காக, செத்தவர் நல்லவர் என்று சொல்வதற்காக, அவர் விட்டுப்போன கடனைச் சொல்லிச் சிரிக்க வைப்பதற்காகப் பாடுவது. வேர் இன்னும் பழசு என்பார்கள். ராமநாதபுரத்துத் தொண்டியிலிருந்து வந்து ராயபுரத்தில் தங்கி 1838-ல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டுகளைத் தங்கள் மூதாதை என்று சொல்லும் கானாக்காரர்கள் உண்டு. தொண்டியார் இருந்த இடம் தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் சொல்வார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் மைக் செட் கட்டி ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிடுவார்கள். சாவு என்றால்தான் சித்தப்பா.

"ஒரு தபா, ஒரே ஒரு தபா, பொணம் இல்லாத எடத்துல பாடணும்டா" என்பார். "லைட்டு போட்டு. மேடைல. எறங்கி வந்தா ஒருத்தன் மாலை போடணும். அந்த மாலை பொணத்துக்கு வாங்குன மாலையா இருக்கக்கூடாது."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

* * *

ப்ளூஸும் இப்படித்தான் என்று எனக்குப் புரிந்தது, மேலதிகாரி ஸார் சொல்லிச் சொல்லி. அமெரிக்காவின் தெற்கே, பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பு மக்களின் பாட்டு. ஒரு வரி சொல்லி, அதையே இன்னொரு தடவை சொல்லி, மூன்றாவது வரியில் பதிலை வைப்பார்கள். மடி வாட்டர்ஸ் என்பவர் மிஸிஸிப்பியில் ஒரு பண்ணையில் மரக் குடிசையில் இருந்தார். 1943-ல் ரயிலேறி சிகாகோவுக்குப் போனார். பகலில் தொழிற்சாலை வேலை, லாரி ஓட்டல். ராத்திரியில் மதுக்கடைகளில் பாட்டு. அந்த இரைச்சலில் சாதா கிதார் எடுபடவில்லை, எலெக்ட்ரிக் கிதாருக்கு மாறினார். ஜான் லீ ஹூக்கர் டெட்ராய்ட் நகரத்தில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாடினார். நம் எண்ணூர் அசோக் லேலண்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ஒருத்தர் பாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'லா கிராஞ்ச்'சின் அந்த நொண்டி நடை ஹூக்கர் போட்ட பாதை.

ஸீஸீ டாப் வெள்ளைக்காரக் குழு. தாங்கள் வாசிப்பது யாருடைய பாட்டு என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் காட்ட கிப்பன்ஸ் ஒரு காரியம் செய்தார். மடி வாட்டர்ஸ் குடியிருந்த அந்தக் குடிசை பின்னால் இடிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கழன்று விழுந்த சைப்ரஸ் மர உத்தரம் ஒன்றை வாங்கி வந்து, 1988-ல் அதிலேயே ஒரு கிதார் செய்ய வைத்தார். 'மடிவுட்' என்று பெயர். வெள்ளைக் கிதாரில் நீலக் கோடாக மிஸிஸிப்பி ஆறு வளைந்து ஓடும். அந்தக் கிதாரை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, கிளார்க்ஸ்டேல் ஊரில் இருக்கும் ப்ளூஸ் மியூசியத்துக்குப் பணம் திரட்டினார்கள்.

இதை மேலதிகாரி ஸார் எனக்குச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியாய்யா, பாட்டு எங்கிருந்து வந்துச்சோ அந்த வீட்டு மரத்தையே தூக்கி மேடைல வச்சான்" என்றார்.

நானும் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் ஸார் என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் ஆண்டு விழா. வருஷா வருஷம் அதே மெல்லிசைக் குழு, அதே பாட்டு, போர் அடிக்கிறது. "நீ நார்த் மெட்ராஸ்தானே? அங்கே ஒரிஜினல் கானா பாடறவங்க இருப்பாங்களாமே. யாரையாவது தெரியுமாய்யா? மேடை போட்டு மரியாதையாப் பண்ணலாம்."

பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் உதட்டைப் பிதுக்கி, சாவுக்கூத்து ஆடுகிற மாதிரி விரலை ஆட்டிக் காட்டினான். விளையாட்டுக்குத்தான்.

நான் சொன்னேன்: "இல்ல ஸார். அப்படி யாரையும் தெரியாது. எங்க வீட்டுப் பக்கம் அதெல்லாம் கிடையாது."

லைட்டு, மேடை, பிணத்துக்கு வாங்காத மாலை. மூன்றையும் ஒரு நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு ரைட்-ஆஃப் செய்யக் கற்றுத்தர வேண்டுமா?

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் பாடப் போனது எர்ணாவூரில் ஒரு கிழவி வீட்டுக்கு.

* * *

2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து எடுத்தது. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். சட்டியும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் பக்கத்தில் பக்கத்தில். பத்தொன்பது பேர். அதில் ஒரே பெண், ராயபுரத்து இசைவாணி. 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த மேடையில் ராப் பாடிய அறிவு, 2021-ல் 'எஞ்ஜாய் எஞ்சாமி' மூலம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்.

முதல் கச்சேரியின் வீடியோவைச் சித்தப்பாவிடம் ஃபோனில் காட்டினேன். மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடா, கோட்டு சூட்டு போட்டுகினு கானாவா?"

"ஆமா சித்தப்பா."

"பொணம் எங்கே?"

"பொணம் இல்ல சித்தப்பா. சும்மா கச்சேரி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முழுசாகப் பார்த்தார். கை மட்டும் சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடியது. "பாரேன்... நடந்துட்ச்சி" என்றார். "நமக்கு நடக்கலன்னா இன்னா, நடந்துட்ச்சில்ல."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

* * *

2021 பிப்ரவரியில் விம்கோ நகருக்கு மெட்ரோ ரயில் வந்தது. "ஒரு நாள் ஏறிப் பார்க்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்த சித்தப்பா ஏறவில்லை. ஜூன் மாதம் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த சமயம். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. எத்தனையோ சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய மனுஷன் போனபோது ஒருத்தரும் ஒரு வரி பாடவில்லை. அவருடைய இரண்டு ஜோடிகளும் முகமூடி போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு.

ஜூலை 28-ஆம் தேதி டஸ்டி ஹில் காலமானார். எழுபத்து இரண்டு வயது. உடம்பு சரியில்லாமல் சில நாள் முன்னால்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். அப்போதே, தன் இடத்தில் எல்வுட் ஃப்ரான்சிஸை நிற்க வை, கச்சேரி நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதாக கிப்பன்ஸ் சொன்னார். எல்வுட் யார் தெரியுமா? வருஷக்கணக்காக இவர்களுடைய கிதார்களுக்குக் கம்பி மாற்றி, சுருதி சேர்த்து, மேடைக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றவர். மேடைக்கு வந்தார். அவருக்கும் தாடி இருந்தது வசதியாகப் போயிற்று. 2025 மார்ச்சில் ஃப்ராங்க் பியர்டும் உடம்பு சரியில்லாமல் விலகி நிற்க, டிரம்ஸில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். மூன்று பேர் இடத்தில் மூன்று பேர். கச்சேரி நடந்தது.

அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் குழுவில் ஓர் ஆள் போனால், பக்கத்தில் நின்ற ஆள் இடத்தை எடுத்துக்கொண்டான். எங்கள் குழுவில் பக்கத்தில் நின்ற ஆள் நான்தானே? மொட்டை மாடியில் சித்தப்பா மடியில் உட்கார்ந்து தாளம் கேட்டவன். நான் எங்கே போனேன்? நுங்கம்பாக்கம் போனேன்.

* * *

இந்த வருஷம் சித்தப்பாவின் நினைவு நாளுக்கு அவருடைய ஜோடிகள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். சட்டிக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. குடம் அடிப்பவருக்குக் காது மந்தம். (ராக் குழுக்களில் இது சகஜம்.) படத்துக்கு மாலை போட்டு, பிரியாணி சாப்பிட்டு, எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனோம். நான்கு வருஷத்துக்கு முன்னால் பாடாமல் விட்டதை இருவரும் பாடினார்கள். பாதியில் சட்டிக்காரர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நடுவுல ஒரு சத்தம் கொறையுது நைனா."

எனக்கும் கேட்டது. உள்ளே போய்ச் சாமி அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தேன். பாதிக் குச்சியைக் கொட்டிவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தேன். 'த..ட த..ட' என்று ஆரம்பித்தேன். இரண்டு சுற்றில் தாளம் தப்பியது. வெட்கமாகப் போய் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்துன?"

"தப்பாப் போச்சு அண்ணாத்தே."

"தப்பாப் போனா போவுது. உங்க சித்தப்பன் மட்டும் இன்னா, பொறக்கும்போதே அடிச்சிகினா வந்தான்? நிறுத்தாத. நிறுத்துனாத்தான் தப்பு."

அன்றைக்கு ராத்திரியே இரண்டு பேரிடமும் அந்த ஆபீஸ் பொய்யைச் சொல்லிவிட்டேன். குடக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. சட்டிக்காரருக்குக் கேட்டது. ரொம்ப நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் கிட்ட சொல்லியிருக்கணும். திட்டியிருப்பான். அப்புறம் உம்மேலயே ஒரு பாட்டு கட்டியிருப்பான்" என்றார். மன்னிப்பா தண்டனையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதில் மடிவுட் மாதிரி பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அவர் குடிசை உத்தரத்தை எடுத்தார். எனக்குக் கிடைத்தது தீப்பெட்டி. ஊரின் பெயரே அதுதானே.

டீக்கடையில் இருந்து கிளம்பும்போது பையன் கேட்டான், "அண்ணா, இவங்க பாட்டை எங்கே கேக்கலாம்?" ஃபோனில் 'லா கிராஞ்ச்' போட்டுக் கொடுத்தேன். முதல் 'டிக்... டிக்...' வந்ததுமே டீ மாஸ்டர் நிமிர்ந்தார். "ஏம்பா, இது உங்க சித்தப்பா அடிக்கிற மாதிரியே கீதே?"

அவர் காதுக்கு நான் சான்றிதழ் தருவேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, பழைய மேலதிகாரி ஸாருக்கு ஃபோன் போட்டேன். ரிடையர் ஆகிவிட்டார். குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராம். டிசம்பரில் ஏதோ விழா என்றார்.

"ஸார், ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு தடவை கேட்டீங்க. கானா பாடறவங்க யாரையாவது தெரியுமான்னு."

"ஆமா. தெரியாதுன்னே."

"தெரியும் ஸார். மூணு பேர் இருந்தாங்க. அதுல ஒருத்தர் எங்க சித்தப்பா. இப்ப அவர் இல்லை. மீதி ரெண்டு பேர் இருக்காங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஸீஸீ டாப் பாட்டில் வருகிற மாதிரி ஓர் இடைவெளி.

"மூணாவது ஆள்?" என்றார்.

"நான்தான் ஸார். தீப்பெட்டி."

இன்னொரு இடைவெளி. பிறகு ஸார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"தாடி இருக்காய்யா?"